ஆறுதலாக ஒரு பயணம்

யாழ்ப்பாணத் தமிழில் 'ஆறுதல்' என்னும் சொல் இரு தொழில் செய்கின்றது. துயருற்றவரைத் தேற்றுதல் ஆறுதல். அவசரமின்றி, வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டு ஒன்றைச் செய்தலும் ஆறுதலே. "ஆறுதலாச் சாப்பிடுங்கோ" என்று விருந்தினரிடம் கூறும் தாய்மார் இரண்டாவது பொருளையே கருதுகின்றனர். சென்ற தை மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றிற் பாரிசிலிருந்து தொலைபேசியிற் பேசிய என் தமையனார், "தம்பி, இனி எனக்கு வேலையில்லை. நீ ஒருக்கா வா. இந்த நாட்டை ஆறுதலாச் சுத்திப் பாப்பம்" என்றார். அச்சொல்லை அவர் எப்பொருளில் வழங்கினார் என்று நான் ஆராயவில்லை. பயணத் திட்டமொன்றை வரைவதற்கு வாய்ப்புக் கிட்டியதே என்ற மகிழ்ச்சிதான் என்னிடம் மேலோங்கி நின்றது. புவியியல் கற்பிப்பவனிடம் ஒரு தேசப்படத்தையும் இருபத்தொரு நாளையும் கொடுத்தால் அவன் வேறெதனைச் செய்வான்?

அண்ணர் 1984ஆம் ஆண்டில், தமது இருபத்திரண்டாவது வயதில் நாட்டைவிட்டுச் சென்றவர். கொழும்பிலிருந்து மொஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பேர்லின், பின்னர் மேற்கு பேர்லின், முடிவிற் பாரிஸ் என்பது அக்காலத்தில் எம்மவர் பலர் சென்ற வழி. இரவுப் புகையிரதத்தில் வந்து விடியற்காலையிற் கார் து நோர் நிலையத்தில் இறங்கியதாகவும், வழி முழுவதும் சாளரக் கண்ணாடியில் தம் முகத்தையே கண்டதாகவும் சொல்வார். அந்நிலையத்திலிருந்து நடைதூரத்திலுள்ள லாச்சப்பல் பகுதி இன்று எம்மவர் கடைகளாற் பெயர்பெற்றது. அங்கிருந்து சில தெருக்கள் தள்ளி ஓர் உணவகத்திற் கோப்பை கழுவத் தொடங்கிய அவர், பின்னர் மரக்கறி வெட்டி, சிப்பி உடைத்து, இறுதியிற் குளிருணவுப் பகுதியின் பொறுப்பாளராகிச் சென்ற ஆண்டு ஓய்வுபெற்றார். இடையிற் பிரெஞ்சுக் குடியுரிமையும் பெற்றுவிட்டார். எனினும் நாற்பது ஆண்டுகளாக அவர் கண்ட பிரான்சு, நிலக்கீழ்ப் புகையிரதப் பாதை ஒன்றும், இரு புறநகர்களும், ஆவணி மாதத்துப் பிள்ளையார் கோயில் தேரும் அடங்கியது. இலண்டனில் நடந்த கலியாணங்களுக்காக மூன்று தடவை கடலின் அடியாலே சுரங்கப்பாதையிற் சென்று வந்திருக்கிறார். மேலே கிடந்த கடலைக் கண்டதில்லை.

பிரான்சு பற்றிய எனது அறிவோ முற்றிலும் ஏட்டறிவு. நாங்கள் பாடசாலையிற் கற்ற காலத்துப் புவியியல் நூல்களில் அந்நாடு மிகத் தெளிவாக வரையப்பட்டிருந்தது. அறுகோண வடிவம், மூன்று பக்கம் கடல், மூன்று பக்கம் நிலம், நடுவே பழைய மேட்டுநிலம், கிழக்கே அல்ப்ஸ், இவ்விரண்டுக்குமிடையில் வடக்குத் தெற்காக உரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு. அப்பள்ளத்தாக்கினூடாகத் தெற்கு நோக்கி வீசும் மிசுத்திரல் என்னும் குளிர்காற்றைப் பற்றிச் சிறுகுறிப்பு எழுதாமற் பரீட்சை மண்டபத்தைவிட்டு வெளிவந்த மாணவர் சிலரே. வெயிலில் வியர்த்தபடி அக்குளிரை மனப்பாடம் செய்தோம்.

ஆகவே எனது முதற்றிட்டம் பரீட்சை விடைபோல அமைந்தது. பாரிசிலிருந்து அரைநாட் பயணமாக ரீம்ஸ் நகர், பின்னர் மேற்கே சென் மாலோ, அங்கிருந்து பொர்தோ, துலூஸ், கார்க்கசோன், மத்தியதரைக் கடற்கரையில் மார்செய், நீஸ், மலைக்கு ஷமோனி, திரும்பும் வழியில் லியோன், மீண்டும் பாரிஸ். ஷமோனியிலிருந்து கம்பித்தொங்கு வண்டியில் ஏறினால் இருபது நிமிடத்தில் 3,842 மீற்றர் உயரத்தை அடையலாம். எங்கள் பிதுருதலாகலை 2,524 மீற்றர். பாரிசுக்கும் லியோனுக்குமிடையில் 1981இல் ஓடத் தொடங்கிய அதிவேகப் புகையிரதத்தின் பாதை 2001இல் மார்செய் வரை நீண்டுவிட்டதாதலால், பாரிசிலிருந்து மத்தியதரைக் கடல் ஏறத்தாழ மூன்று மணிநேரத் தூரமே. நிறப்பென்சில்கள் கொண்டு பாதையை வரைந்து முடித்தபோது அறுகோணத்தின் எந்தப் பக்கமும் விடுபடவில்லை என்று பெருமிதம் கொண்டேன்.

விசாவும் இத்தகைய திட்டத்தையே விரும்புகின்றது என்பதையும் சொல்லவேண்டும். பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு மேற்பட முன்கூட்டியே விண்ணப்பிக்க இயலாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். உறவினர் வீட்டிற் தங்குபவராயின் அவ்வுறவினர் தமது நகரமண்டபத்திற் கையொப்பமிட்டுப் பெற்ற சான்றிதழ் வேண்டும். எந்நாளில் எவ்விடம் என்ற நிரலும் வேண்டும். ஆறுதலாகச் சுற்றப்போகிறோம் என்பதை நாள்வாரியாக எழுதி உறுதிப்படுத்தவேண்டிய நிலை எனக்கு வேடிக்கையாகத் தோன்றியது.

திட்டத்தைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். அண்ணர் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: "எத்தினை தரம் பெட்டி கட்டவேணும்?" எண்ணிப் பார்த்தேன். ஒன்பது தடவை. "அப்ப வேலைக்குப் போறமாதிரித்தான் கிடக்கு" என்றார். ஷமோனியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. பின்னாலிருந்து அண்ணிதான், அவருக்கு இரத்த அழுத்தம் இருப்பதையும், முழங்காலையும் நினைவூட்டினார். தமையனாருக்கென வரைந்த திட்டத்தில் அவருடைய முழங்காலுக்கு நான் இடமே வைத்திருக்கவில்லை.

தொலைபேசியை வைப்பதற்கு முன்னர் அவர் இன்னொன்றையும் திருத்தினார். "அது ரீம்ஸ் இல்லை, தம்பி, றான்ஸ். அந்த ஊர்ப் பெட்டி எங்களுக்குக் கிழமைக்கு ரெண்டு வரும்."

என்ன பெட்டி என்று கேட்டேன். அங்குதான் நான் அறியாத பிரான்சு ஒன்று திறந்தது.

உணவகத்தின் பின்கதவுக்கு நாள்தோறும் அதிகாலையில் வந்திறங்கும் பெட்டிகள், கூடைகள், சாக்குகள் யாவற்றிலும் ஊர்ப்பெயர் இருந்தது. ஓர் உணவுப்பொருளின் பெயரை அது பிறந்த ஊரோடு சட்டத்தாற் பிணைப்பதில் பிரெஞ்சுக்காரர் மிகுந்த கண்டிப்புடையோர். ரோக்போர் பாற்கட்டியின் பெயருக்கு 1925இலேயே சட்டப் பாதுகாப்பு வழங்கியவர்கள். ஆதலால் நாற்பது ஆண்டுகள் சமையலறையில் நின்றவருக்கு நாடு முழுவதும் சீட்டுக்களாக வந்து சேர்ந்திருந்தது. றான்ஸ் ஷாம்பேன், இசிஞி வெண்ணெய், கவையோன் முலாம்பழம், நியோன் நகரத்துக் கறுத்த ஒலிவக்காய், புய் பகுதிப் பச்சைப் பருப்பு, கெராந்து உப்பு. இவ்வுப்பு கடல்நீரை வயல்களிற் பாய்ச்சி வெயிலிற் காயவிட்டு எடுப்பது என்று அறிந்தபோது அவருக்கு ஆனையிறவு உப்பளம் நினைவுக்கு வந்ததாம். எஸ்பெலெட் மிளகாயைப் பற்றி மட்டும் அவருக்கு இன்றும் ஆற்றாமை உண்டு. "உறைப்பே இல்லை, அதுக்கு உந்த விலை" என்பார். நாடு விட்டு நாடு வந்த அவர், சீட்டிலுள்ள ஊர்ப்பெயரை வாய்விட்டு வாசித்தே பிரெஞ்சு எழுத்தைக் கற்றிருக்கிறார். இறுதி எழுத்துக்கள் ஒலிப்பதில்லை என்பதை எந்த ஆசிரியரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சமையற்காரரின் சிரிப்பே சொல்லிக்கொடுத்தது.

"நீ புத்தகத்தில பாத்தாய். நான் பெட்டியில பாத்தன்" என்றார்.

இவ்வளவு ஊர்ப்பெயர்களையும் அறிந்தவர் ஓரூரையேனும் ஏன் சென்று பார்க்கவில்லை? இக்கேள்வியை அடுத்த ஞாயிறன்று கேட்டேன். கேட்டிருக்கவேண்டியதில்லை.

ஊதியத்துடன் கூடிய விடுமுறை என்பது பிரான்சில் தொழிலாளர் போராடிப் பெற்ற உரிமை. 1936இல் லெயோன் புளூமின் தலைமையிலமைந்த மக்கள் முன்னணி அரசாங்கம், பெரும் வேலைநிறுத்தங்களின் பின்னர், ஆண்டுக்கு இரு வாரங்களைச் சட்டமாக்கிற்று. அவ்வாண்டுக் கோடையிலேயே தொழிலாளருக்கு நாற்பது வீதம் கழிவுடன் புகையிரதச் சீட்டு வழங்கப்பட்டது. கடலை அதற்குமுன் கண்டிராத குடும்பங்கள் முதன்முறையாகக் கடலைக் கண்டன. 1956இல் அது மூன்று வாரமாகவும், 1969இல் நான்கு வாரமாகவும், 1982இல் ஐந்து வாரமாகவும் வளர்ந்தது. அண்ணர் பாரிசிற் கால்வைப்பதற்கு இரண்டாண்டுகள் முன்னரே ஐந்து வாரமும் சட்டத்தில் இருந்தது. அவர் வேலைசெய்த உணவகம் ஓகஸ்ட் மாதத்தில் மூடப்படும். சமையற்காரர் பிறெத்தன் கரைக்கும், தெற்குக்கும், தத்தம் ஊர்களுக்கும் செல்வர். அண்ணர், ஓகஸ்டில் மூடப்படாத வேறோர் உணவகத்திற் கோப்பை கழுவச் செல்வார்.

"ஓகஸ்டில வேற இடம் வேலை இருந்தது" என்று சர்வசாதாரணமாகச் சொன்னார். எனக்கு வேறொரு கணக்கு நினைவுக்கு வந்தது. எமது நாட்டிற் பல்கலைக்கழகக் கல்வி இலவசமே. ஆனால் அறைவாடகையும் சாப்பாடும் நூல்களும் இலவசமல்ல. அக்கா இருவரின் கலியாணமும், போர்க்காலத்து இடப்பெயர்வுகளும் அத்துடன் சேர்ந்தன. மாதந்தோறும் அண்ணரிடமிருந்து பணம் வரும். செப்டெம்பரில் மட்டும் சற்றுக் கூடுதலாக வரும். அந்தக் கூடுதலை எதிர்பார்த்தே ஆண்டுக்கான நூல்களை வாங்கப் பழகியிருந்தேன். அது எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. உரோன் பள்ளத்தாக்குப் பற்றிய விரிவான நூலொன்றையும் அப்பணத்திலேதான் வாங்கினேன். அந்நூல் இப்போதும் என் அலுமாரியில் உண்டு.

நிறப்பென்சிற் படத்தை மடித்து வைத்துவிட்டு, "அண்ணை, எந்தப் பெட்டியின்ர ஊரைப் பாக்க விருப்பம்?" என்று கேட்டேன். அவர் யோசிக்கவில்லை. "கோன்கால்" என்றார்.

கோன்கால், சென் மாலோவிலிருந்து பஸ்ஸிற் செல்லக்கூடிய ஒரு சிறு சிப்பித் துறைமுகம். மார்கழியில், நத்தாரையொட்டி, அங்கிருந்து மரப்பட்டைக் கூடைகளிற் சிப்பிகள் வரும். ஒவ்வொரு கூடையிலும் ஊரும், கட்டிய திகதியும், பருமனைக் குறிக்கும் இலக்கமும் இருக்கும். இலக்கம் சிறிதானாற் சிப்பி பெரிது. அக்கூடைகளின் முன்னால் இரவிரவாக நின்றதன் அடையாளம் அவருடைய இடது உள்ளங்கையில் வெண்கோடாகக் கிடக்கின்றது. கத்தி வழுக்கிய கோடு.

கோன்காலைப் பற்றி வாசிக்கத் தொடங்கியதும் என் ஏட்டறிவுக்கும் ஒரு வேலை கிடைத்தது. அவ்வூர் அமைந்துள்ள மொன் சென் மிஷேல் குடாவில், வற்றுக்கும் பெருக்குக்குமிடையிலான வேறுபாடு பெருநாட்களில் 13 மீற்றருக்கும் மேற்படும். எமது கடலில் அது ஒரு மீற்றரையும் எட்டுவதில்லை. யாழ்ப்பாணத்துக் கரையில் வளர்ந்த நாங்கள், கடல் தன் படுக்கையை விட்டெழுந்து கிலோமீற்றர்க் கணக்கில் நடந்துபோய்த் திரும்பிவருவதைக் கற்பனை செய்வதும் அரிது. வற்றிய வேளையிலே சிப்பி வயல்கள் வெளியே தோன்றும். உழவு இயந்திரங்கள் கடலடியில் ஓடும். ஒவ்வொரு நாளின் வற்றுப்பெருக்கையும் 20 முதல் 120 வரையான ஒரு குணகத்தாற் குறித்து அட்டவணையாக வெளியிடுவர். 100ஐத் தாண்டும் நாட்களிற் கரையோரத்தார் வாளியும் விறாண்டியுமாகக் கடலுக்குள் நடப்பர். பறுவத்தையும் அமாவாசையையும் அடுத்து இது பெருகும் என்பதை எவரும் அறிவர். இரவும் பகலும் ஒத்திருக்கும் சமவிராக் காலத்தில், அதாவது பங்குனியிலும் புரட்டாதியிலும், மேலும் பெருகும் என்பது முதலாம் ஆண்டு மாணவருக்கு நான் ஆண்டுதோறும் சொல்வது. முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையிற் சொன்னதை ஒரு பயணத்துக்குப் பயன்படுத்த இப்போதுதான் வாய்த்தது.

இவ்வாறு மாதம் முடிவாயிற்று: செப்டெம்பரின் பிற்பகுதி. பிரெஞ்சுப் பாடசாலைகள் அப்போது தொடங்கிவிடும். கோடைக் கூட்டமும் கலைந்துவிடும். கோன்காலில் ஆறு இரவுகள். மேட்டிலுள்ள ஊரினுள் அன்றி, கீழே துறைமுகத்தை ஒட்டியே அறை, முழங்காலுக்காக. அங்கு என்ன செய்வது என்று நேரம் குறிக்க முடியாது. வற்று நாள்தோறும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தும். ஆகவே எங்கள் சாப்பாடும் நடையும் அதனோடு பிந்திப்போகவேண்டியதுதான். நிரலில் அந்த ஆறு நாட்களுக்கும் நேரம் எழுதவேண்டிய இடத்தில் வற்றின் நேரத்தையே எழுதியிருக்கிறேன். பெருக்கு விரைந்து வருமாதலால் வழிகாட்டியின்றிக் குடாவினுள் தூரம் நடக்கலாகாது என்பதைச் சிவப்பு மையில் எழுதினேன்.

மலை எது என்பதிலும் அண்ணருக்குத் தயக்கமிருக்கவில்லை. றெப்லோஷோன் என்னும் தட்டையான வட்டப் பாற்கட்டி அவருடைய மேசைக்கு வரும். பண்ணையிலேயே செய்ததாயின் அதன் மேற்றோலிற் பச்சைச் சில்லும், ஆலையிற் செய்ததாயிற் சிவப்புச் சில்லும் ஒட்டியிருக்கும். பச்சைச் சில்லை உரித்தெடுத்துச் சுவரில் ஒட்டுவது சமையலறையில் ஒரு விளையாட்டு. அது தோன் என்னும் மலையூரைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளிற் பிறப்பது. முற்காலத்தில் நிலவுடைமையாளர் கறந்த பாலின் அளவுக்கேற்ப வரி அறவிட்டதால், குடியானவர் அளவெடுக்கும்போது மடியை முற்றாகக் கறவாது விட்டு, அவர் போனபின் இரண்டாந்தரம் கறப்பராம். அந்த இரண்டாங்கறவையே இப்பாற்கட்டியாயிற்று; பெயரின் பொருளும் அதுவே. இக்கதையை நான் சொன்னபோது அண்ணர் நெடுநேரம் சிரித்தார். இரண்டாங்கறவை என்றால் என்ன என்பது அவருக்கு விளக்கவேண்டிய விடயமன்று.

தோனுக்கு அண்மையிலுள்ள நகர் அன்சி, ஏரிக்கரையில் அமைந்தது. அங்கு ஆறு இரவுகள். ஏரியின் மேற்குக்கரையில், பழைய புகையிரதப் பாதையைப் பெயர்த்து அமைத்த சமதரையான நடைவழி உண்டு, படகும் உண்டு, தோனுக்குப் பஸ்ஸும் உண்டு. கோடையில் மேலே மேய்ந்த மந்தைகளை மலையிலிருந்து இறக்கும் காலம் அது. 3,842 மீற்றரை நான் கைவிட்டேன். மலையைக் கீழிருந்தும் பார்க்கலாம். பெரும்பாலான மலைவாசிகள் அவ்வாறே பார்க்கின்றனர்.

இவ்விரண்டுக்கும் நடுவே நகரமொன்று வேண்டும் என்று நான் அடம்பிடித்து லியோனைச் சேர்த்தேன். சென் மாலோவிலிருந்து ரென் நகருக்கு வந்தால், அங்கிருந்து பாரிசுக்குட் புகாமலே லியோனுக்கு நேர்ப் புகையிரதம் கிடைக்கும். பட்டு நெசவாளர் வாழ்ந்த குறுவா ரூஸ் மேட்டைக் காண எனக்கு நீண்டநாள் ஆவல். உயரமான ஜக்கார்ட் தறிகள் நிற்பதற்காகவே அங்கு வீடுகளின் கூரைகளை உயர்த்திக் கட்டினர். கூலிக்காக 1831இற் கிளர்ந்தெழுந்தவர்களும் அந்நெசவாளரே. மேட்டுக்குப் பற்சக்கரப் பாதையிலோடும் மெட்ரோ செல்வதால் முழங்காலும் தடைசொல்லாது. அண்ணர் நான்கு இரவுகளுக்கு உடன்பட்டார். ஒரு நிபந்தனை விதித்தார். லியோன் உணவுக்குப் பெயர்போன ஊர். அங்கு ஒருநாள் நண்பகல், நல்ல உணவகத்தில் மேசைவிரிப்புடன் உட்கார்ந்து சாப்பிடவேண்டும். முன்கூட்டியே இடம் ஒதுக்கவேண்டும். சமையலறைக் கதவு தெரியாத மேசையாக இருக்கவேண்டும். "கதவு தெரிஞ்சால் எழும்பிப் போகச் சொல்லும்" என்றார்.

பாரிசில் முதல் மூன்று இரவுகளும் கடைசி இரண்டு இரவுகளும். பெட்டி கட்டுவது நான்கே தடவை. அறுபது வயதைக் கடந்தோர்க்கான புகையிரத அட்டையை அண்ணர் வாங்கிவிட்டார். அதனால் முப்பது வீதம் கழிவு. அண்ணிக்கு மட்டும் ஒரு குறை. ஆறு நாள் சோறில்லாமற் கோன்காலில் எப்படியிருப்பது என்கிறார். சோறு சமைக்கும் மின்பானையைப் பெட்டியில் வைப்பதா என்பது இன்னும் முடிவாகாத பிரச்சினை. அடுப்புள்ள அறையே எடுத்திருக்கிறேன் என்று சொல்லி இருபக்கத்தையும் சமாளித்து வருகிறேன்.

மார்செய் விடுபட்டதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைப்பானேன். கிறித்துவுக்கு முன் 600ஆம் ஆண்டளவிற் கிரேக்கர் அமைத்த துறைமுகம். சூயெஸ் கால்வாய் திறந்தபின், கொழும்பைத் தொட்டுக் கிழக்கே சென்ற பிரெஞ்சுக் கப்பல்கள் புறப்பட்ட இடம். அதன் படிகளில் ஒரு மாலை உட்காரவேண்டுமென எண்ணியிருந்தேன். பொர்தோவையும் கார்க்கசோனையும் நீக்கியபோது கை நடுங்கவில்லை. மார்செயை நீக்க மூன்று நாட் சென்றது. அதனைத் தனித்தாளில் எழுதி அந்தப் பழைய நூலினுள் வைத்திருக்கிறேன்.

இதனை எழுதும்போது விசா இன்னும் கைக்கு வரவில்லை. நிரல் மட்டும் தயாராக இருக்கின்றது. சென்ற ஞாயிறன்று அண்ணர் மீண்டும் அழைத்தார். சேற்றில் நடப்பதற்கு இறப்பர்ச் சப்பாத்து வாங்கிவிட்டாராம். கோன்காலின் வற்று நேரங்களை ஒருமுறை வாசிக்கச் சொன்னார்; பெருநாட்களில் அது பிற்பகலில் விழுகிறது என்றேன். துறைமுகத்தில் சிப்பியை எப்படி விற்பார்கள் என்று கேட்டார். கரையிலேயே சிறு கடைகள் வரிசையாக உண்டு. தட்டில் வைத்துத் தேசிக்காய்த் துண்டும் தருவார்கள். கடற்சுவரில் இருந்து சாப்பிட்டுவிட்டு ஓட்டைக் கரையிலேயே எறிவது அவ்வூர் வழக்கம் என்று வாசித்ததைச் சொன்னேன்.

"உடைச்சோ தருவினம்?"

"ஓம் அண்ணை, அவையளே உடைச்சுத் தருவினம்."

சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. தொலைபேசியிற் பாரிஸ் வீட்டின் குசினியில் அண்ணி எதையோ தாளிக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப நான் கத்தியை வீட்டில விட்டிட்டு வாறன்" என்றார்.